டர்பன் துறைமுகமும் அதன் அலைதடுப்புச் சுவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எங்கள் தமிழ் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை, நவம்பர் 16-ஐ ஒட்டி, பிள்ளைகளையும் பெற்றோரையும் டர்பன் துறைமுகத்தின் வாய்க்கு அழைத்துப் போகிறேன். 1860-இல் அந்த நாளில்தான் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல், முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் இங்கே வந்து சேர்ந்தது. வரலாறு சொல்லத்தான் கூட்டிப் போகிறேன். ஆனால் பிள்ளைகளின் கண் கப்பல்களைவிடக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கற்களின்மேல்தான் போகிறது. பல ஆண்டுகளாக அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்டுக் கேட்டுச் சேர்ந்த கேள்விகளையும், நான் தேடிப் படித்துச் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அலைதடுப்புச் சுவர் என்றால் மதில்போல் ஒற்றைச் சுவரா?

சுவர் என்ற சொல்லை நம்பி மதிலைத் தேடாதீர்கள். நீங்கள் பார்ப்பது கடலுக்குள் நீளமாகக் குவித்த கல்மேடு. நடுவே சிறிதும் பெரிதுமாகக் கலந்து கொட்டிய கற்கள். அதுதான் அதன் வயிறு. அதன்மேல் நடுத்தரக் கற்கள் போர்வைபோல் கிடக்கும். அந்தப் போர்வை இல்லாவிட்டால் அலை திரும்பிப் போகும்போது உள்ளிருக்கும் சிறு கற்களை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே, கடலை நேரே பார்க்கும் பக்கத்தில், பல டன் எடையுள்ள பாறைகளோ கான்கிரீட் கட்டிகளோ கவசமாகக் கிடக்கும். உச்சியில் ஒரு கான்கிரீட் பாதை இருக்கும். பழுது பார்க்கக் கிரேன் போக வேண்டுமே.

இதில் கல்லுக்கு எவ்வளவு வேலையோ அவ்வளவு வேலை கற்களுக்கு நடுவே உள்ள பொந்துகளுக்கும் உண்டு. வழவழப்பான செங்குத்துச் சுவரில் மோதும் அலை, வலிமை குறையாமல் திரும்பிப் போய் எதிரே வரும் அலையோடு சேர்ந்து இன்னும் உயரமாக எழும்பும். கல்மேட்டில் மோதும் அலை ஆயிரம் பொந்துகளில் நுழைந்து, சுழன்று, நுரைத்து, களைத்துப்போய் வெளியே வரும். அலையை எதிர்த்து நிற்பதைவிட அதைக் களைக்க வைப்பது மேல் என்று கடலோரத்தில் கட்டியவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

டர்பனில் இயற்கையாகவே விரிகுடா இருக்கிறதே. பிறகு எதற்குச் சுவர்?

நல்ல கேள்வி. ஜூலு மொழியில் இந்த ஊருக்கு எதெக்வினி என்று பெயர் வந்ததே இந்த விரிகுடாவால்தான். தெற்கே பிளஃப் என்கிற நீண்ட குன்று, வடக்கே பாயிண்ட் என்கிற மணல்முனை, இரண்டுக்கும் உள்ளே அமைதியான நீர்ப்பரப்பு. உள்ளே வந்துவிட்ட கப்பலுக்குப் புயல் அலையால் பயமில்லை. வருவதுதான் பிரச்சினை. வாயின் குறுக்கே ஒரு மணல்மேடு கிடந்தது. தாழ்ந்த நீரில் அதன்மேல் சில அடி ஆழமே இருக்கும். இன்று ஓர் இடத்தில், அடுத்த மாதம் வேறோர் இடத்தில். பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாமல் வெளியே திறந்த கடலில் நங்கூரமிட்டுக் காத்திருந்தன. பெரிய காற்று வந்தால் நங்கூரம் அறுந்து கரையில் ஏறிவிடும். 1850 ஜூலையில் குடியேறிகளை ஏற்றி வந்த ‘மினர்வா’ பிளஃப் பாறையில் மோதி உடைந்தது அப்படித்தான்.

ஆகவே டர்பனில் சுவர் கட்டியதன் முதல் நோக்கம், கப்பல் நுழையும் பாதையை மணலிலிருந்து காப்பது. கேப் டவுனிலும், புதிய துறைமுகமான இங்கூராவிலும் சுவர்தான் துறைமுகத்தையே உண்டாக்குகிறது. அங்கே சுவரை எடுத்துவிட்டால் வெறும் கடல். இங்கே துறைமுகத்தை இயற்கை கொடுத்துவிட்டது. கதவைத் திறந்து வைப்பதுதான் நம் வேலையாக இருந்தது. இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

நம் முன்னோர் வந்தபோது இந்தச் சுவர்கள் இருந்தனவா?

முழுமையாக இல்லை. வடக்குப் பக்கத்தில் தொடங்கிய வேலை அரைகுறையாக நின்றிருந்தது. ஏறிய இடத்திலும் துறைமுகம் இல்லை. 1860-இல் சென்னையில் செயற்கைத் துறைமுகம் எதுவும் கிடையாது. கயிற்றால் தைத்த மசூலா படகில் ஏறி, கரையில் உடையும் அலைவரிசைகளைத் தாண்டித்தான் கப்பலைத் தொட வேண்டும். வாழ்க்கையில் கடலில் கால் வைத்திராத உழவர்களையும் கைக்குழந்தைகளையும் நினைத்துப் பாருங்கள். அந்தப் பக்கம் அலை, இந்தப் பக்கம் மணல்மேடு. இரண்டு முனையிலும் அவர்களுக்குக் காவலாக முழுதாக எழுந்த ஒரு சுவர்கூட இல்லை.

டர்பனில் வெளியே நின்ற கப்பல்களிலிருந்து பயணிகளைப் பிரம்புக் கூடையில் வைத்து, கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு படகுகளில் இறக்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் இருந்தது. 1860 முதல் 1911 வரை 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்கள் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் ஏறியவர்கள். பெரிய பயணிகள் கப்பல் மணல்மேட்டைத் தாண்டி உள்ளே வந்தது 1904-இல்தான். அதாவது நம்மில் பெரும்பாலோரின் கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் இந்த வாய் இன்னும் அடங்காத காலத்தில் வந்தவர்கள்.

மணல்மேட்டை வெல்ல அரை நூற்றாண்டு ஏன் ஆனது?

பணம் ஒரு காரணம், வீம்பு ஒரு காரணம், மணலைப் புரிந்துகொள்ளாதது பெரிய காரணம்.

ஜான் மில்ன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் 1850களில் வேலையைத் தொடங்கினார். அவருடைய எண்ணம் எளிமையானது. நாளுக்கு இரண்டு முறை விரிகுடா நிரம்பி வடிகிறது. வடியும் நீரை இரண்டு சுவர்களுக்கு நடுவே குறுக்கிவிட்டால் வேகம் கூடி, அந்த நீரே மணலை அரித்து வெளியே தள்ளிவிடும். வாய்க்காலைக் குறுக்கினால் தண்ணீர் பாய்ந்து போவதைப் பார்த்த எந்த உழவரும் இதை ஒப்புக்கொள்வார். ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவர் வேலையை இழந்தார். லண்டனிலிருந்த கேப்டன் வெட்ச் என்பவரின் வரைபடம் ஏற்கப்பட்டது. அவர் டர்பனைக் கண்ணால் பார்த்ததே இல்லை. திறந்த கடலில் இரண்டு கைகளால் அணைத்தாற்போல் வெளித் துறைமுகம் கட்டச் சொன்னது அவர் திட்டம். 1860களின் தொடக்கத்தில் வேலை நடந்தது, கடல் அதைக் கலைத்தது, பணம் தீர்ந்தது, கைவிட்டார்கள். அந்தக் கற்கள் இன்றும் பாயிண்ட் கடற்கரைக்கு அருகே ஆழமில்லாத நீரில் கிடக்கின்றன. ‘வெட்சீஸ்’ என்று ஊரார் அழைக்கும் அந்த இடத்தில் இப்போது மீன்கள் குடியிருக்கின்றன. பிள்ளைகள் நீந்திப் போய்ப் பார்க்கிறார்கள். ஊரைப் பார்க்காமல் போட்ட திட்டம் என்ன ஆகும் என்று காட்ட எனக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

பிறகு 1880களில் எட்வர்ட் இன்னெஸ், அவருக்குப் பின் 1888 முதல் காத்கார்ட் மெத்வன் ஆகியோர் துறைமுகப் பொறியாளர்களாக இருந்து இரண்டு பக்கச் சுவர்களையும் வெளியே நீட்டினார்கள். மெத்வன் நல்ல ஓவியரும்கூட. சுவரை எவ்வளவு நீட்டுவது, தூர்வாருவதை எவ்வளவு நம்புவது என்பதில் துறைமுக வாரியத் தலைவர் ஹாரி எஸ்கம்போடு அவருக்குக் கடும் சண்டை. 1895-இல் மெத்வன் வெளியேற நேர்ந்தது. கடைசியில் இருவருமே பாதி சரி என்று ஆனது. சுவரும் வேண்டியிருந்தது, மணலை உறிஞ்சி எடுக்கும் தூர்வாரிக் கப்பல்களும் வேண்டியிருந்தன. 1904 ஜூன் 26-இல் ‘ஆர்மடேல் காசில்’ என்ற ஏறக்குறைய 13,000 டன் கப்பல் வாயைத் தாண்டி உள்ளே வந்தபோது ஊரே திரண்டு நின்றது.

எஸ்கம்ப் என்ற பெயரை வேறு எங்கோ கேட்டிருக்கிறேனே?

காந்தியின் கதையில் கேட்டிருப்பீர்கள். 1896 டிசம்பரில் ‘கோர்லண்ட்’, ‘நாதேரி’ என்ற இரண்டு கப்பல்கள் இந்தியர்களோடு டர்பன் வந்தன. பிளேக் நோயைக் காரணம் காட்டி, 1897 ஜனவரி 13 வரை யாரையும் இறங்க விடவில்லை. கரையில் வெள்ளையர்கள் பாயிண்ட் பகுதியில் கூட்டம் கூட்டினார்கள். அந்த எதிர்ப்புக்கு அப்போது நேட்டாலின் அட்டர்னி ஜெனரலாக இருந்த எஸ்கம்பின் ஆதரவு இருந்தது. அதே ஆண்டு பிரதமராகி, ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதவர்கள் உள்ளே வர முடியாதபடி சட்டமும் கொண்டுவந்தார். துறைமுகத்தின் வாயைத் திறக்க வாழ்நாளெல்லாம் பாடுபட்ட மனிதர், அந்த வாயை நமக்கு அடைக்கவும் பாடுபட்டார். இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தத் துறைமுகத்தில் நம்மவர்கள் வேலை செய்தார்களா?

செய்தார்கள். கரும்புத் தோட்டம் மட்டும்தான் ஒப்பந்தத்தின் கதை என்று நினைப்பவர்கள் உண்டு. ரயில்வே, டர்பன் நகராட்சி, துறைமுகத் துறை மூன்றும் ஒப்பந்தத் தொழிலாளர்களை வைத்திருந்தன. சுமை இறக்குவது, நிலக்கரி ஏற்றுவது, தூர்வாரிய மண்ணைப் பரப்புவது என்று உடம்பை முறிக்கும் வேலைகள். ஜூலு தொழிலாளர்கள் அவர்களோடும் அவர்களைவிட அதிக எண்ணிக்கையிலும் உழைத்தார்கள். துறைமுகத்தைக் காட்டும் படங்களில் பொறியாளர்களின் பெயர் இருக்கிறது, கூலிக்காரர்களின் பெயர் இல்லை.

மீனவர்களையும் மறக்கக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தவர்களில் சிலர் விரிகுடாவுக்குள் சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு வலை வீசினார்கள். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்காகத் தீவு எடுத்துக்கொள்ளப்பட்டது. குடும்பங்கள் கரைக்குப் பெயர்ந்தன. அதே தீவில்தான் 1961-இல் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி ஒன்றை நிறவெறி அரசு தொடங்கியது. கடற்படை விட்டுப்போன பழைய கட்டடங்களே வகுப்பறைகள். மாணவர்கள் படகேறிப் படிக்கப் போனார்கள். இன்று அந்த இடம் துறைமுகத்தின் ஒரு பகுதி.

கேப் டவுன் சுவர் இதைவிடப் பழையதா?

ஏறக்குறைய ஒரே வயது. கேப் டவுனின் டேபிள் பே விரிகுடா குளிர்காலத்தில் வடமேற்குக் காற்றுக்கு நேர் எதிரே திறந்து கிடந்தது. புயலில் கப்பல்கள் கூட்டம் கூட்டமாகக் கரையில் ஏறின. குளிர்காலத்தில் அங்கே நிற்கும் கப்பலுக்குக் காப்பீடு தரவே லண்டனில் மறுத்தார்கள். 1860 செப்டம்பர் 17-இல் விக்டோரியா அரசியின் மகன் இளவரசர் ஆல்ஃபிரட் முதல் வண்டிக் கல்லைக் கடலில் கவிழ்த்தார். ட்ரூரோ சென்னையை விட்டுப் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு அது. கல் உடைத்தவர்கள் கைதிகள். அவர்களை அடைத்த சிறைக்கே ‘பிரேக்வாட்டர்’ என்று பெயர். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

கால் முறுக்கிக் கிடப்பதுபோல் இருக்கும் அந்தக் கான்கிரீட் கட்டிகள் என்ன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அதற்கு டோலோஸ் என்று பெயர். இந்த நாட்டில் பிறந்து உலகக் கடற்கரைகளுக்கெல்லாம் போனது.

வடிவத்தை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு ஏணி: இரண்டு கால், நடுவே ஒரே ஒரு படி. இப்போது ஒரு காலை மட்டும் கால்வாசி வட்டம் திருகிவிடுங்கள். ஒரு கால் நின்றால் மற்றொன்று படுத்திருக்கும். இதுதான் டோலோஸ். இப்படி நூறு கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தாறுமாறாகப் போட்டால் ஒன்றின் கால் மற்றொன்றின் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். அலை ஒன்றைப் பிடுங்க வந்தால் பக்கத்தில் உள்ளவை விடாது. அதே நேரம் குவியலில் பாதிக்கும் மேல் வெற்றிடமாகவே இருக்கும். நான் முன்னே சொன்ன பொந்துகள் அவை.

1963-இல் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தின் அலைதடுப்பைப் புயல் குலைத்தது. அதன்மேல் பெரிய பெரிய செவ்வகக் கட்டிகள் போட்டிருந்தார்கள். அவற்றையே கடல் இழுத்துப் போயிருந்தது. அங்கே துறைமுகப் பொறியாளர் எரிக் மெரிஃபீல்ட், அவருக்குக் கீழே வரைவாளர் ஆப்ரி க்ரூகர். ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் கட்டி வேண்டும் என்று தேடி, இந்த வடிவத்துக்கு வந்தார்கள். மதிய உணவுக்கு வீட்டுக்குப் போனபோது துடைப்பக் கட்டையை மூன்று துண்டாக வெட்டி ஆணி அடித்துச் செய்து பார்த்ததாக க்ரூகர் சொன்னார். புகழ் நெடுங்காலம் மெரிஃபீல்டுக்கே போனது. அது யாருக்கு எவ்வளவு உரியது என்ற வழக்கு ஓயவே இல்லை. காப்புரிமை வாங்காததால் எந்த நாடும் பணம் கொடுக்காமல் இதை வார்த்துக்கொள்ள முடிந்தது.

பெயர் ஆஃப்ரிகான்ஸ் சொல். ஆட்டின் கணுக்கால் எலும்புக்கு டோலோஸ் என்பார்கள். அந்தக் காலப் பிள்ளைகள் அதை வைத்து விளையாடினார்கள். சங்கோமா என்னும் மரபு வைத்தியர்கள் குறி சொல்ல எலும்பு எறிவதற்கும் இதே பேச்சுதான். நம் வீடுகளில் சோழி உருட்டி விளையாடியதும் உண்டு, சோழி உருட்டிக் குறி கேட்டதும் உண்டு. என் ஆயா சோழிகளைத் துணியில் முடிந்து வைத்திருந்தார். டோலோஸ் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முடிச்சு நினைவுக்கு வருகிறது.

இன்னும் பெரிய கல்லாகப் போட்டால் எல்லாம் தீருமே?

அலை உயரம் இரண்டு மடங்கானால் அதைத் தாங்கும் கல்லின் எடை எட்டு மடங்காக வேண்டும். மூன்று மடங்கானால் இருபத்தேழு. அவ்வளவு பெரிய பாறையை எந்த மலையும் தராது, தந்தாலும் எந்தக் கிரேனும் தூக்காது. அதனால்தான் எடையில் கொஞ்சம் குறைத்து, பின்னிக்கொள்ளும் வடிவத்தில் வலிமையைத் தேடினார்கள்.

அதற்கும் எல்லை உண்டு. போர்ச்சுகலில் சினெஸ் என்ற ஊரில் ஆழமான கடலில் கட்டிய அலைதடுப்பில் 42 டன் டோலோஸ்கள் போட்டிருந்தார்கள். 1978 பிப்ரவரியில் வந்த ஒரே புயலில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. கட்டி பெரிதாகப் பெரிதாக அதன் இடுப்பு பலவீனமாகிறது. அலையில் லேசாக ஆடினாலே ஒடிந்துவிடும், ஒடிந்தால் பின்னல் அவிழ்ந்துவிடும். அந்தப் பாடத்துக்குப் பிறகு உலகெங்கும் கணக்குகள் திருத்தப்பட்டன. இங்கே கெபேஹாவுக்கு அருகே 2009-இல் செயல்படத் தொடங்கிய இங்கூரா துறைமுகத்தில் 30 டன் டோலோஸ்கள் இருக்கின்றன. அங்குள்ள பெரிய சுவர் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் நீளமானது.

சுவருக்கு உள்ளேயும் கப்பல் ஆடுமா?

ஆடும். கண்ணுக்குத் தெரியும் அலை பத்துப் பதினைந்து நொடிக்கு ஒன்று. அதோடு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் நீளும் நெட்டலைகளும் உண்டு. உயரம் சில அங்குலமே. ஆனால் அவை சுவரைச் சுற்றி உள்ளே நுழைந்து, கட்டி நிற்கும் பெரிய கப்பலை முன்னும் பின்னும் இழுத்துக் கயிற்றை அறுக்கும். இங்கூராவுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. டர்பனின் உள்விரிகுடா இந்த வகையில் பாக்கியசாலி.

கடற்கரையில் ஏன் குழாய் வழியே மணல் கொட்டப்படுகிறது?

சுவரைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லாரும் கடைசியில் இங்கேதான் வந்தாக வேண்டும்.

தென்கடலில் பிறக்கும் அலைகள் நம் கரையைச் சாய்வாக வந்து அடிக்கின்றன. ஒவ்வோர் அலையும் மணலைக் கொஞ்சம் மேலேற்றி, கொஞ்சம் வடக்கே தள்ளி இறக்குகிறது. ஆண்டு முழுக்க இப்படித் தெற்கிலிருந்து வடக்கே ஒரு மணல் ஆறு கரையோரம் நடந்துகொண்டே இருக்கிறது. டர்பனைக் கடப்பது ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். அந்த ஆற்றின் குறுக்கே நாம் தெற்குச் சுவரைப் போட்டோம். மணல் அதன் முதுகில் வந்து சேர்கிறது, முனையைச் சுற்றிக் கப்பல் பாதையில் விழப் பார்க்கிறது. வடக்கே உள்ள கடற்கரைகளுக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. ஆனால் அலை வருவதை நிறுத்தவில்லையே. அங்கே இருக்கிற மணலை அது வடக்கே கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். வருமானம் நின்று செலவு மட்டும் நடக்கும் வீடு எப்படி இருக்கும், அப்படி ஆயின டர்பனின் கடற்கரைகள்.

அதனால்தான் தெற்குச் சுவருக்கு அருகே மணல் விழுவதற்கென்றே கடலடியில் ஒரு பள்ளம் தோண்டி வைத்திருக்கிறார்கள். தூர்வாரி அங்கே சேரும் மணலை அள்ளிவந்து தர, பாயிண்ட் பக்கத்திலிருந்து குழாய் வழியே வடக்குக் கடற்கரைகளுக்குத் தள்ளுகிறார்கள். நீங்கள் பார்க்கும் குழாய் அதுதான். அது சில மாதம் நின்றால் கரை மெலிவது கண்ணுக்கே தெரியும். நடைபாதைக்குக் கீழே மணல் செங்குத்தாக வெட்டப்பட்டு நிற்கும்.

இதே கதையைச் சென்னையில் பார்க்கலாம். அங்கும் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1870களின் நடுவில் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கின. 1881 நவம்பர் புயல் அவற்றை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். அதன்பின் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து அகன்றதுதான் மெரினா. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் தெருக்களைத் தின்றது. மீனவர் குப்பங்கள் பின்வாங்கின. மெரினாவில் காற்று வாங்குகிறவர்கள் ராயபுரத்துக்காரர்களின் மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல் போடுமுன் மணலுக்குக் கணக்கு எழுதியிருக்க வேண்டும். டர்பன் அந்தக் கணக்கை ஆண்டுதோறும் தூர்வாரியால் கட்டுகிறது, கட்டியே ஆக வேண்டும். எந்த நகரசபைக் கூட்டத்திலும் மணல் செலவைக் குறைக்கலாம் என்று யாராவது பேசினால் நான் எழுந்து நின்று மறுப்பேன்.

அகுலாஸ் நீரோட்டம் தெற்கேதானே ஓடுகிறது? மணல் எப்படி எதிர்த்திசையில் போகும்?

அகுலாஸ் ஓடுவது ஆழ்கடலோரம். மணல் நகர்வது அலை உடையும் இடத்தில், இடுப்பளவு, ஆளளவு நீரில். அங்கே ஆட்சி அலையுடையது.

2007-இல் வந்த பெரும் கடல்கொந்தளிப்பில் இந்தச் சுவர்கள் என்ன செய்தன?

2007 மார்ச் 19-இல் ஆண்டின் மிக உயர்ந்த ஏற்றத்தோடு புயல் அலைகளும் சேர்ந்து வந்தன. கரைக்கு அப்பால் அளந்த அலை உயரம் 8.5 மீட்டர் அளவில் இருந்தது. குவாசூலு-நேட்டால் கடற்கரை முழுதும் வீடுகள், சாலைகள், நடைபாதைகள் சரிந்தன. துறைமுகத்துக்குள் நின்ற கப்பல்களுக்கு விரிகுடா காவலாக இருந்தது. வெளியே கடற்கரைகளில் ஒரு பாடம் மிகத் தெளிவாகத் தெரிந்தது: அகலமான மணல் இருந்த இடத்தில் அலை மணலைத் தின்றது; மணல் இல்லாத இடத்தில் கட்டடத்தைத் தின்றது.

சுவர் எல்லாத் திசையிலும் காக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய ஆறுகள் மரங்களையும் சேற்றையும் குப்பையையும் விரிகுடாவுக்குள் கொண்டுவந்து கொட்டின, கப்பல் போக்குவரத்து நின்றது. கடல் பக்கம் பார்த்துக் கட்டிய சுவருக்கு முதுகுப்புறம் வரும் வெள்ளத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

துறைமுக வாயை ஏன் அகலமாக்கினார்கள்?

கொள்கலன் கப்பல்கள் பெருத்துவிட்டன. பழைய வாயின் குறுகிய இடம் 122 மீட்டர். பக்கக் காற்று அடிக்கும்போது பெரிய கப்பலை அதற்குள் நுழைப்பது ஊசியில் வடக்கயிறு கோப்பது போல. 2007-க்கும் 2010-க்கும் இடையில் வடக்குச் சுவரை இடித்து, தள்ளிக் கட்டி, வாயை 222 மீட்டராக்கினார்கள்; வெளிப்பாதையை 19 மீட்டர் ஆழத்துக்கும் உள்ளே 16 மீட்டர் அளவுக்கும் தோண்டினார்கள்.

யாரும் எதிர்பாராத ஒரு தடை கடலுக்கடியில் இருந்தது. நகரத்தின் கழிவுநீர்க் குழாய்களைப் பிளஃப் பக்கம் கொண்டுபோக 1942-இல் வாய்க்கு அடியில் போட்ட சுரங்கம் அதிக ஆழத்தில் இல்லை. அதை வைத்துக்கொண்டு தோண்ட முடியாது. முதலில் இன்னும் கீழே புதிய சுரங்கம் குடைந்து, குழாய்களை மாற்றிய பிறகே பழையதை எடுத்தார்கள்.

அகலமாக்கிய வாயும் ஒரு நாள் அடைபட்டது. 2017 அக்டோபர் 10-இல் வீசிய சூறைக்காற்றில் ‘எம்எஸ்சி இனெஸ்’ என்ற 300 மீட்டருக்கும் நீளமான கப்பல் கட்டறுத்துக்கொண்டு போய் வாயின் குறுக்கே தரைதட்டி நின்றது. இழுவைப் படகுகள் சேர்ந்து அதை மீட்டன.

இன்னும் விரிவாக்கம் வருமா? நம்மை எப்படிப் பாதிக்கும்?

டர்பனின் தெற்கே இருந்த பழைய விமான நிலையம் 2010-இல் மூடப்பட்டதும், அந்த நிலத்தைத் தோண்டிப் புதிய துறைமுகம் அமைத்து, கடலுக்குள் புதிய அலைதடுப்புகள் நீட்டும் திட்டம் பேசப்பட்டது. பிறகு தள்ளிவைக்கப்பட்டது. மெரிபேங்க், இசிபிங்கோ, கிளேர்வுட் மக்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். விமான நிலைய நிலத்தில் பல தலைமுறையாகக் கீரையும் காயும் பயிரிட்ட இந்தியக் குடும்பங்கள் இருந்தன. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகையில் ஏற்கெனவே பிள்ளைகளை வளர்த்துவந்தவர்கள் அவர்கள். இனி இரவும் பகலும் கொள்கலன் லாரிகளும் வர வேண்டுமா என்று கேட்டார்கள்.

துறைமுகம் வளரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம்மில் எத்தனை வீட்டில் அதன் சம்பளத்தில் அடுப்பு எரிகிறது! ஆனால் வளர்ச்சிக்கான இடம் எப்போதும் ஏழையின் நிலத்திலும் சதுப்பு நிலத்திலும்தான் தேடப்படுகிறது. ஒரு காலத்தில் விரிகுடாவைச் சுற்றி விரிந்திருந்த அலையாத்திக் காட்டில் பேஹெட் பக்கம் சிறு துண்டே மிஞ்சியிருக்கிறது. புதிய சுவர் ஒவ்வொன்றும் தன் வடக்கே உள்ள கரைக்கு மணல் கடன் வைக்கும் என்பதையும் திட்டம் போடுகிறவர்கள் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

சுவரில் உட்கார்ந்து மீன் பிடிக்க முடியுமா?

எங்கள் தாத்தா காலத்தில் இரண்டு பக்கச் சுவர்களிலும் ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைக்காது. தூண்டிலோடு குடும்பமே வரும்; தூக்குப்பாத்திரத்தில் சோறும் ஊறுகாயும் இருக்கும். பலருக்கு அது பொழுதுபோக்கு இல்லை, அன்றைய குழம்பு. 2004-இல் உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் புதிய பாதுகாப்பு விதிகள் வந்த பிறகு பல இடங்களில் வேலி எழுந்தது. பிழைப்புக்காகத் தூண்டில் போட்டவர்கள் ஊர்வலம் போய்க் கேட்டார்கள். பாதுகாப்பு வேண்டும் என்பது புரிகிறது. எங்கள் பாட்டன்கள் கரிமூட்டை தூக்கிய இடத்தில் பேரன் ஒரு தூண்டில் போட இடம் ஒதுக்க முடியாதா என்பதுதான் எனக்குப் புரியவில்லை. போகுமுன் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கடல் பொங்கும் நாளில் எந்தச் சுவரிலும் ஏறாதீர்கள். ஈரக் கான்கிரீட்டில் வழுக்கினால் கட்டிகளின் இடுக்கிலிருந்து ஆளை எடுப்பது மிகக் கடினம்.

பிள்ளைகளை எங்கே நிறுத்திக் காட்டுவது?

பாயிண்ட் நடைபாதையின் தென்கோடிக்குப் போங்கள், காலை வேளையில். முதலில் எதிரே பிளஃப் குன்றைக் காட்டுங்கள். அதன் அடியிலிருந்து கடலுக்குள் நீளும் தெற்குச் சுவரின் வெளிப்பக்கம் அலை நுரைப்பதும், உட்பக்கம் தண்ணீர் சும்மா கிடப்பதும் ஒரே பார்வையில் தெரியும். நேரம் வாய்த்தால் தூர்வாரி மணலோடு தாழ்ந்து வருவதைப் பார்க்கலாம். பிறகு அடிவானத்தில் வரிசையாக நங்கூரமிட்டு முறைக்காகக் காத்திருக்கும் கப்பல்களைக் காட்டி, ட்ரூரோவும் அங்கேதான் வந்து நின்றது என்று சொல்லுங்கள். சென்ற ஆண்டு அதைக் கேட்ட ஏழு வயதுப் பெண் ஒருத்தி, “அவங்களுக்கு யாராவது கை காட்டினாங்களா?” என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவளே கடலைப் பார்த்துக் கையை உயர்த்தினாள், மற்ற பிள்ளைகளும் உயர்த்தினார்கள்.